இதய-நுரையீரல் பொறியும் ஊவா மலைத் தோட்டங்களும்

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெற்றிகளையே நிரல்படுத்திச் செல்வர். இன்ன ஆண்டில் இன்ன நோய்க்கு மருந்து கண்டனர், இன்ன ஆண்டில் இன்ன உறுப்பைத் திறந்து செப்பனிட்டனர் என்று அவ்வரலாறு படிக்கட்டுப் போல் மேலேறிச் செல்லும். ஆயின், வெற்றி பலவும் தம் நிழலாகப் புதியதொரு தீங்கை உடன் கொணர்ந்தமையும், அத்தீங்கைத் தணிக்க மேலும் ஒரு தலைமுறையினர் உழைக்க நேர்ந்தமையும் அவ்வரலாற்றின் மறுபாதியாகும். இதயத்தைத் திறந்து செப்பனிடுவதற்கெனப் படைக்கப்பட்ட இதய-நுரையீரல் பொறியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அப்பொறி இதயத்தைக் காத்தது. காத்த அதே வேளையில் நுரையீரலைப் புண்படுத்தவும் செய்தது. அப்புண் எவ்வாறு உண்டாயிற்று, அதனைத் தடுக்க அறிஞர் எவ்வெவ் வழிகளை நாடினர், அவற்றுள் எவை நிலைத்தன, எவை பொய்த்தன என்பவற்றை ஆராய்ந்து, அவ்வாராய்ச்சி பதுளையையும் ஊவா மாகாணத் தோட்டங்களையும் சார்ந்த நமக்கு உணர்த்துவது யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிலடெல்பியாவிலும் மினசோட்டாவிலும் நிகழ்ந்தவற்றிற்கும் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களுக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவுதல் கூடும். தொடர்பு உண்டு. அதனை முதற்கண் கூறிவிட்டு வரலாற்றினுட் புகுவாம்.

லய அறையும் இதய வால்வும்

ஊவா 1886 இல் தனி மாகாணமாக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே கோப்பிப் பயிர்ச்செய்கை இம்மலைகளிற் பரவியிருந்தது. 1869 இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, அதனிடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. 1924 ஏப்பிரல் 5 ஆம் நாள் புகையிரதம் பதுளையை வந்தடைந்தபோது, இம்மலைச் சரிவுகளெல்லாம் தேயிலைப் பசுமை போர்த்திருந்தன. அப்பசுமையை உண்டாக்கியோர் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழியாக வந்துசேர்ந்த தொழிலாளர் என்பதை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அத்தொழிலாளர்க்கென அமைக்கப்பட்ட உறைவிடம் லயம் எனப்பட்டது. ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிய அறைகள். 10 அடிக்கு 12 அடி என்று வழக்கிற் கூறப்படும் ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம். அடுப்பும் படுக்கையும் ஓரிடத்தே. மழையும் குளிரும் மிக்க மாதங்களில் அடைத்த கதவு. 1872 இல் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் நோய்க்கு மருந்தும் வைத்தியரும் கிடைக்க வழிசெய்ய முற்பட்டது. தோட்டப் பகுதிகளில் வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் காலப்போக்கில் எழுந்தன. ஆயினும் உறைவிடத்தின் நெருக்கத்தை எந்த மருந்தகமும் நீக்கவல்லதன்று.

நெருக்கமான உறைவிடத்தில் ஒருவர் தொண்டையிலிருந்து மற்றொருவர் தொண்டைக்கு எளிதிற் பரவும் பற்றீரியா ஒன்றுண்டு. அதற்கு ஸ்ரெப்ரோகொக்கசு என்று பெயர். அது உண்டாக்கும் தொண்டைநோவு ஒரு கிழமையிற் பெரும்பாலும் தானே மாறிவிடும். ஆயின், பிள்ளைகள் சிலருக்கு, தொண்டை ஆறி இரண்டு மூன்று கிழமைகள் கழிந்தபின், மூட்டுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீங்கிக் காய்ச்சல் காணும். இதுவே வாதக் காய்ச்சல். ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளையே இது மிகுதியாகப் பற்றும். பற்றீரியாவை எதிர்த்து எழுந்த உடலின் காவற்படை, இதய வால்வுகளையும் பகையென மயங்கித் தாக்குதலே இந்நோயின் இயல்பு. மூட்டு வீக்கம் வடுவின்றி மறையும். வால்வின் காயமோ வடுவாகத் தங்கும். மீண்டும் மீண்டும் காய்ச்சல் வரின், இடச் சோணையறைக்கும் இட இதயவறைக்கும் இடையேயுள்ள வால்வு தடித்து, அதன் இதழ்கள் ஒட்டி, வாயில் குறுகிவிடும். குருதி முன்னே செல்ல வழியின்றி நுரையீரலிலே தேங்கும். மலைச்சரிவில் கொழுந்துக் கூடையுடன் ஏறும் இளம்பெண்ணுக்கு மூச்சிளைக்கும். அவள் கருவுறுங்கால் உடலிற் குருதியின் அளவு பெருகுதலால், அவ்விளைப்பு உயிருக்கே இறுதியாதலும் உண்டு. வாதக் காய்ச்சல் வறுமையோடும் நெருக்கமான குடியிருப்போடும் உடனுறையும் நோய் என்பது உலக மருத்துவம் ஒருமுகமாக ஏற்ற உண்மை. ஆகவே, இதய வால்வின் சத்திரசிகிச்சை வரலாறு லயங்களில் வாழ்ந்த, வாழும் மக்களுக்கு அயலார் கதை அன்று.

விரலாற் திறந்த வாயில்

குறுகிய வால்வைத் திறக்கும் முயற்சி பொறி தோன்றுவதற்கு முன்பே தொடங்கிற்று. 1925 இல் இலண்டனில் ஹென்றி சூட்டர் என்னும் சத்திரவைத்தியர், துடித்துக்கொண்டிருந்த இதயத்தின் சோணையறையிற் சிறுதுளையிட்டு, தம் சுட்டுவிரலை உட்செலுத்தி வால்வைத் தொட்டு நெகிழ்த்தினார். நோயாளியான பெண் பிழைத்தாள். எனினும் அக்கால மருத்துவர் இம்முறையை ஏற்றிலர். இருபதாண்டுக்கு மேலாக அது கிடப்பிற் கிடந்தது. 1948 இல் பிலடெல்பியாவில் சார்ள்ஸ் பெயிலியும், பொஸ்ரனில் ட்வைற் ஹார்க்கனும், இலண்டனில் ரசல் புரொக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அதனைப் புதுப்பித்தனர். இது மூடிய முறை எனப்பட்டது. இதயம் நிறுத்தப்படுவதில்லை, குருதி உடலுக்கு வெளியே செல்வதில்லை. கண்ணாற் காணாது விரலின் உணர்ச்சியையே துணைக்கொண்டு செய்யும் தொழில் அது.

ஆயின் அதற்கு எல்லை உண்டு. ஒட்டிய இதழைப் பிரிக்க விரல் போதும். கிழிந்த இதழைத் தைக்கவோ, சுண்ணாம்பு படிந்து இறுகிய வால்வை மாற்றவோ, பிறவியிலே அமைந்த துளையை அடைக்கவோ கண் வேண்டும். கண் காண வேண்டின், இதயம் வெறுமையாதல் வேண்டும். இதயம் வெறுமையாயின், சில நிமிடத்துள் மூளை இறந்துபடும். இந்த முடிச்சை அவிழ்க்கவே பொறி பிறந்தது.

இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு

1931 இல் பொஸ்ரன் நகர மருத்துவமனை ஒன்றில் ஜோன் கிபன் என்னும் இளம் வைத்தியர் நோயாளியொருத்தியின் அருகே இரவு முழுதும் காவலிருந்தார். நுரையீரல் நாடியிற் குருதிக்கட்டி அடைத்தமையால் அவள் மூச்சின்றித் தவித்தாள். நாளத்திற் கரிதாய் வரும் குருதியை வெளியே எடுத்து, ஒட்சிசன் ஊட்டி, மீள நாடியினுட் செலுத்தக்கூடுமாயின் இவள் பிழைப்பாளன்றோ என்னும் எண்ணம் அவருக்கு அன்று பிறந்தது. அவ்வெண்ணத்தைப் பொறியாக்க அவரும் அவர் மனைவியார் மேரியும் ஆண்டுக்கணக்காக உழைத்தனர். 1935 இல் பூனையொன்றின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாகத் தம் கருவியை இயக்கி அதனை உயிருடன் மீட்டனர். குருதி பொறியினுள் உறையாதிருக்க ஹெப்பரின் என்னும் மருந்து கைகொடுத்தது. 1953 மே 6 ஆம் நாள் பிலடெல்பியாவில் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியின் சோணையறைச் சுவரிலிருந்த துளையைக் கிபன் அடைத்தபோது, 26 நிமிடம் அவள் உயிரைப் பொறியே முற்றாகத் தாங்கிற்று. அடுத்த நோயாளிகள் இறக்கவே, கிபன் மனம் நொந்து அப்பணியைக் கைவிட்டார்.

1954 இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் வோல்ற்றன் லில்லிஹை வேறொரு வழியை மேற்கொண்டார். பிள்ளையின் குருதிக் குழாய்களைத் தந்தை அல்லது தாயின் குருதிக் குழாய்களோடு இணைத்து, பெற்றோரின் இதயமும் நுரையீரலுமே சத்திரசிகிச்சை முடியுமளவும் பிள்ளைக்காக உழைக்கச் செய்தார். இவ்வாறு 45 பேருக்குச் சிகிச்சை செய்தார்; அவருள் 28 பேர் நலமுற்று வீடு திரும்பினர். ஒரே வேளையில் இருவர் உயிரைப் பணயம் வைத்த இம்முறை நீடிக்கவில்லை. 1955 இல் மேயோ மருத்துவமனையில் ஜோன் கேர்க்ளின் கிபனின் பொறியைத் திருத்தி வெற்றியுடன் இயக்கினார். அதே ஆண்டில் லில்லிஹையின் உதவியாளர் ரிச்சட் டிவோல், ஒட்சிசனைக் குமிழிகளாகக் குருதியினூடே செலுத்தும் மலிவான கருவியொன்றை அமைத்தார். அதன்பின் இதய சத்திரசிகிச்சை உலகெங்கும் பரந்தது.

நம் அண்டை நாட்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெற்ஸ் 1949 இல் மார்பறைச் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவின் முதற் திறந்த இதய சத்திரசிகிச்சைகளுட் சில 1960 களின் தொடக்கத்தில் அக்கல்லூரியிலேயே நிகழ்ந்தன.

பொறி நுரையீரல்

இதயம் செம்மையாகச் செப்பனிடப்பட்ட நோயாளி, சத்திரசிகிச்சை முடிந்து சில மணி நேரத்துள் மூச்சுத் திணறத் தொடங்குவதை அக்கால வைத்தியர் கண்டு திகைத்தனர். இதயம் நன்றாகவே துடிக்கும்; நுரையீரலோ காற்றை ஏற்க மறுக்கும். எவ்வளவு ஒட்சிசன் கொடுப்பினும் குருதி செம்மை பெறாது. இறந்தோர் உடலைச் சோதித்தபோது, கடற்பஞ்சு போன்று இலேசாயிருக்க வேண்டிய நுரையீரல் கருஞ்சிவப்பாய்க் கனத்து, ஈரல் போன்று இறுகியிருந்தது. சிற்றறைகளில் நீரும் குருதியும் நிறைந்திருந்தன. இதனைப் 'பொறி நுரையீரல்' என்று அழைத்தனர். பெயரிட்டமையாற் காரணம் தெரிந்துவிடவில்லை.

காரணம் பற்றிப் பல கருத்துக்கள் எழுந்தன. குமிழிகள் குருதிப் புரதத்தைத் திரிபடையச் செய்கின்றன என்றனர் சிலர். பொறியை நிரப்பப் பலரிடமிருந்து பெற்ற குருதியே ஒவ்வாமை தருகின்றது என்றனர் வேறு சிலர். இட இதயவறை வீங்கிக் குருதியைப் பின்னே தள்ளுவதே காரணம் என்பார் ஒருசாரார். ஒவ்வொரு கூற்றிலும் ஓரளவு உண்மை இருந்தது. அதனால் ஒவ்வொன்றும் ஒரு திருத்தத்துக்கு வழிகோலிற்று. 1960 இல் ஒக்லகோமாவில் நசீ சூடி, பொறியைக் குருதியால் நிரப்பாது சர்க்கரை கலந்த நீர்க்கரைசலால் நிரப்பிக் குருதியை வேண்டுமென்றே ஐதாக்கினார். பிறர் குருதி மிகுதியாகத் தேவைப்பட்ட நிலை இதனால் மாறியது.

இவற்றுள் கருதத்தக்கது இலண்டனில் சார்ள்ஸ் ட்றூ 1959 இல் வெளியிட்ட முறை. ஒட்சிசன் ஊட்டும் கருவியே தீங்கின் பிறப்பிடமாயின், அதனை நீக்கிவிட்டு நோயாளியின் சொந்த நுரையீரலையே அவ்வேலையைச் செய்யவிடலாகாதோ என அவர் எண்ணினார். இதயத்தின் இருபக்கத்துக்கும் இரு பம்பிகளை மட்டும் வைத்து, உடலை ஆழமாகக் குளிரச் செய்து, குருதியோட்டத்தை நிறுத்தி, அமைதியான இதயத்தில் வேலை செய்தார். செயல்முறை கடினமாயிருந்தமையாலும் செயற்கைக் கருவிகள் விரைவில் திருந்தியமையாலும் அது பரவலாக நிலைக்கவில்லை. ஆயினும், பொறி ஓடும் வேளையில் நுரையீரலை வெறுமனே விட்டுவிடலாகாது என்னும் அவர் கருத்து பின்னாளில் மீண்டும் மீண்டும் தலைகாட்டிற்று.

காரணம் வெளிப்பட்ட வகை

மெய்க்காரணத்தின் திறவுகோல் இதய சத்திரசிகிச்சைக் கூடத்திலன்றிச் சிறுநீரக நோயாளரின் குருதியைத் தூய்மைசெய்யும் இடத்திலே கிடைத்தது. அப்பொறியில் குருதி செலோபேன் மென்றகட்டைத் தொட்டுச் செல்லும். தொட்ட சில நிமிடத்துள் நோயாளியின் குருதியிலுள்ள வெண்குழியங்கள் திடீரெனக் குறைந்துபோவதை வைத்தியர் முன்னரே அறிந்திருந்தனர். அவை எங்குச் சென்றன? 1977 இல் மினசோட்டாவைச் சேர்ந்த ஆய்வாளர் இவ்வினாவுக்கு விடை கண்டனர். குருதியில் இயல்பாக அடங்கிக் கிடக்கும் கொம்பிளிமென்ற் என்னும் புரதத் தொகுதி, அந்நியமான மென்றகட்டைத் தொட்டவுடன் விழித்தெழுகின்றது. அது வெண்குழியங்களைத் தூண்டுகின்றது. தூண்டப்பட்டவை ஒன்றோடொன்று ஒட்டி, நுரையீரலின் மயிர்க்குழாய்களிற் சென்று அடைந்துகொள்கின்றன.

இதயப் பொறியிலும் குருதி தொடும் அந்நியப் பரப்பு மிகப் பெரிது. தொட்டிருக்கும் வேளையும் மணிக்கணக்கானது. 1981 இல், பொறியில் இணைக்கப்பட்ட நோயாளரின் குருதியிலும் அப்புரதத் தொகுதி விழித்தெழுகின்றது என்பது அளந்து காட்டப்பட்டது. 1983 இல் அலபாமாவிலிருந்து வெளிவந்த ஆய்வு, அவ்விழிப்பின் அளவு மிகுந்தோறும், பொறியில் இருந்த நேரம் நீண்டோறும், நுரையீரல் முதலிய உறுப்புக்கள் தளர்வுறும் வாய்ப்பும் மிகுந்தமையை எடுத்துக்காட்டிற்று.

இன்று நாம் அறிவது இதுவாகும். பகைவரை அழிப்பதற்கென வெண்குழியங்கள் வைத்திருக்கும் நொதியங்களும் நச்சு ஒட்சிசன் வடிவங்களும், அடைபட்ட இடத்தில் வெளிப்பட்டு மயிர்க்குழாய்ச் சுவரை அரிக்கின்றன. அரிக்கப்பட்ட சுவரினூடே குருதிநீர் சிற்றறைக்குட் கசிகின்றது. இஃது ஒரு காரணம். பொறி ஓடும் வேளையில் நுரையீரல் நாடியூடே குருதி செல்வதில்லை. மூச்சுக்குழாய்களுக்குரிய சிறு நாடிகளின் குருதியே அதனை ஊட்டுகின்றது. காற்றும் நிறுத்தப்படுவதால் நுரையீரல் சுருங்கிக் கிடக்கும். பட்டினி கிடந்த அவ்வுறுப்பின்மீது குருதி மீண்டும் பாயும்போது அழற்சி மூளுகின்றது. இஃது இரண்டாவது. பிறர் குருதியை ஏற்றுதலாலும், பின்னர்ச் செயற்கை மூச்சுக் கருவி மிகையாகக் காற்றைத் திணித்தலாலும் விளையும் காயம் மூன்றாவது. வாதக் காய்ச்சலில் உடலின் காவற்படை தன் வால்வையே தாக்கியது போல, இங்கும் அதே காவற்படை தன் நுரையீரலையே தாக்குகின்றது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

தடுக்கும் வழிகள்

காரணம் பலவாதலின் தடுக்கும் வழிகளும் பலவாயின. அவற்றை நான்காக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, பொறியை மென்மையாக்குதல். குருதியும் வாயுவும் நேரே கலக்கும் குமிழிக் கருவியின் இடத்தை, இடையே மென்றகடு வைத்த கருவி பிடித்துக்கொண்டது. குழாய்களின் உட்புறத்தில் ஹெப்பரின் பூசினர். குழாய்களின் நீளத்தைக் குறைத்தனர். வெண்குழியங்களை வடித்தெடுக்கும் வடிகளையும் அமைத்தனர். இலண்டனிற் சிறுவர்க்கான மருத்துவமனையொன்றில், பொறியை நிறுத்தியவுடன் குழந்தையின் குருதியிலுள்ள மிகை நீரையும் அதனோடு அழற்சிப் பொருள்களையும் வடித்தெடுக்கும் முறை 1991 இல் வெளியிடப்பட்டது. சிறுகுழந்தைகளின் சிகிச்சையில் அது விரைந்து பரவிற்று.

இரண்டாவது, மருந்தால் அழற்சியை அடக்குதல். அழற்சியே தீங்காயின், அழற்சியை ஒடுக்கும் ஸ்ரீறொயிட்டு மருந்தைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே கொடுத்தல் தக்கது என்று தோன்றுவது இயல்பே. பல நாடுகளில் ஆண்டுக்கணக்காக அவ்வாறே கொடுத்தும் வந்தனர். இறுதியில் இக்கொள்கை உரைகல்லில் இடப்பட்டது. 2012 இல் நெதர்லாந்தில் 4,494 நோயாளரிடையே செய்த ஒப்பாய்வும், 2015 இல் 18 நாடுகளில் 7,507 நோயாளரிடையே செய்த ஒப்பாய்வும் வெளிவந்தன. மருந்து பெற்றோர்க்கும் பெறாதோர்க்குமிடையே இறப்பிலும் பெருந்தீங்குகளிலும் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. முதல் ஆய்வில் மூச்சுத் தளர்ச்சி ஓரளவு குறைந்தது. இரண்டாவதில் இதயத் தசையின் காயம் கூடுதலாகத் தென்பட்டது. அப்புறொட்டினின் என்னும் மற்றொரு மருந்து குருதிப் பெருக்கையும் அழற்சியையும் ஒருங்கே தணிக்கும் எனப் போற்றப்பட்டது. 2008 இல் வெளிவந்த கனடிய ஒப்பாய்வில் அதனைப் பெற்றோரிடையே இறப்பு கூடுதலாகக் காணப்பட்டமையின், அதுவும் செல்வாக்கிழந்தது. காரணத்தை விளக்கும் கொள்கை எத்துணை அழகாயிருப்பினும், நோயாளரிடத்திற் சோதித்து நிறுவாதவரை அது வெறுங் கருத்தே என்னும் பாடத்தை விஞ்ஞான மாணவர் இவ்வாய்வுகளிலிருந்து கற்றல் தகும்.

மூன்றாவது, நுரையீரலை நேரே பேணுதல். செயற்கை மூச்சுக் கருவியால் பெரிய அளவிற் காற்றைச் செலுத்துவதே நன்றென முன்னாளிற் கருதினர். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவமனைகள் சில கூடி, வேறு பல காரணங்களால் நுரையீரல் அழற்சியுற்ற 861 நோயாளரை ஆராய்ந்தன. உயரத்துக்குரிய உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 12 மில்லிலீற்றர் காற்றுப் பெற்றோருள் நூற்றுக்கு 39.8 பேர் இறந்தனர்; 6 மில்லிலீற்றர் பெற்றோருள் 31 பேரே இறந்தனர். சிறு மூச்சே நுரையீரலைக் காக்கும் என்னும் இவ்வுண்மை பின்னர்ச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் பரவியது. பிறர் குருதியைக் கட்டாயம் வேண்டியவிடத்தன்றி ஏற்றாமையும் இதனோடு சேர்ந்தது. 2017 இல் இதய நோயாளர் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரிடையே செய்த ஆய்வு, குருதியேற்றத்திற் சிக்கனம் கடைப்பிடித்தல் தீங்கற்றது என நிறுவிற்று. புகைத்தலை முன்கூட்டியே நிறுத்தல், மூச்சுப் பயிற்சி, செயற்கை மூச்சிலிருந்து விரைவில் விடுவித்தல், படுக்கையினின்றும் எழுந்து நடமாடச் செய்தல் ஆகிய எளிய முறைகளும் இவ்வகையினவே.

நான்காவது, பொறியையே தவிர்த்தல். 1964 இல் லெனின்கிராட்டில் வசிலி கொலெசொவ், துடிக்கும் இதயத்தின்மீதே மாற்று நாடியைத் தைத்துக் காட்டினார். 2012 இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றில், பொறியின்றி முடியுரு நாடிச் சத்திரசிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 5.9 பேர்க்கும், பொறியுடன் பெற்றோருள் 7.5 பேர்க்கும் மூச்சுத் தொடர்பான சிக்கல் நேர்ந்தது. எனினும் முதல் 30 நாளில் இறப்பு முதலிய பெருந்தீங்குகளில் இரு பகுதியாரிடையேயும் உறுதியான வேறுபாடு இருக்கவில்லை. வாதக் காய்ச்சலாற் குறுகிய வால்வுக்கோ வேறொரு வழி திறந்தது. யப்பானிய சத்திரவைத்தியர் கஞ்சி இனோவே 1984 இல் வெளியிட்ட முறைப்படி, தொடையிலுள்ள நாளத்தினூடே சிறு பலூனொன்றை இதயத்துட் செலுத்தி விரித்தால், ஒட்டிய இதழ்கள் பிரிந்துவிடும். சூட்டர் விரலாற் செய்த பணியை மார்பைத் திறவாமலே பலூன் செய்து முடிக்கின்றது. தகுதியான வால்வாயின் நோயாளிக்குப் பொறியும் வேண்டா. பொறியால் வரும் நுரையீரற் காயமும் இல்லை.

இந்நான்கையும் தொகுத்து நோக்குமிடத்து, பொறி நுரையீரலைப் பெருமளவில் அடக்கியது தனியொரு அரிய மருந்தன்று என்பது புலனாகும். பலர் பல இடத்திற் செய்த சிறுசிறு திருத்தங்கள் ஒன்றுகூடியே 1950 களில் அச்சந் தந்த அத்தீங்கை இன்று அரிதாக்கின. எனினும் அது முற்றும் நீங்கிவிடவில்லை. நெடுநேரம் பொறியிற் கிடந்தோர், முன்பே நுரையீரல் நலிந்தோர், பச்சிளங் குழந்தைகள் ஆகியோரை அது இன்றும் தாக்குகின்றது. வால்வு குறுகிப் பல்லாண்டு மூச்சிளைத்தவரின் நுரையீரல் சத்திரசிகிச்சைக்கு முன்பே தேங்கிய குருதியால் நலிந்திருக்கும் என்பதை நாம் மறத்தலாகாது. காலந்தாழ்த்தி வைத்தியசாலையை நாடும் தோட்டத்துப் பெண், அத்தீங்கு எளிதிற் பற்றும் நிலையிலேயே சென்று சேர்கின்றாள்.

ஊவாவுக்குரிய பாடம்

பொறியைத் தவிர்த்தலே தலைசிறந்த தடுப்பாயின், அத்தடுப்பைப் பலூனுக்கும் முற்பட்ட நிலையிலேயே தொடங்கலாம். 1950 இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துப் படைமுகாமொன்றில், நெருங்கிய விடுதிகளில் வாழ்ந்த இளம் வீரரிடையே ஸ்ரெப்ரோகொக்கசுத் தொண்டைநோவு பரவிற்று. பெனிசிலின் பெற்றோர்க்கு வாதக் காய்ச்சல் மிக அரிதாகவே வந்தது. பெறாதோர்க்கு அதனினும் பன்மடங்கு வந்தது. தொண்டைநோவு தொடங்கி 9 நாள்களுக்குள் அம்மருந்தைக் கொடுத்தால், வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்பது இதன்வழி நிலைபெற்றது. ஒருமுறை காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு கிழமைக்கொருமுறை நீடித்து நிற்கும் பெனிசிலின் ஊசியைப் பல்லாண்டு போட்டுவரின், மறுபடியும் காய்ச்சல் வந்து வால்வைக் கெடுப்பதில்லை. வால்வில் வெளிக்குத் தெரியாத தொடக்கநிலைக் காயமுடைய 818 உகண்டாப் பிள்ளைகளிடையே நிகழ்த்தி 2021 இல் வெளியிட்ட ஆய்வும் இதனை உறுதிசெய்தது. இரண்டாண்டு ஊசி பெற்றோருள் நூற்றுக்கு 0.8 பேர்க்கும், பெறாதோருள் 8.2 பேர்க்கும் காயம் முற்றியது.

இவ்வூசி விலையுயர்ந்ததன்று. நம் நாட்டு அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் மருந்து இலவசமாயின் மட்டும் போதாது. அது பிள்ளையைச் சென்றடைதல் வேண்டும். மலையுச்சித் தோட்டமொன்றிலிருந்து பதுளை வைத்தியசாலைக்குப் பிள்ளையை அழைத்துவரும் தாய்க்கு ஒருநாட் சம்பளம் போய்விடும். பேருந்துக் கூலி வேறு. மூட்டு வீக்கம் தணிந்து பிள்ளை ஓடியாடுவதைக் கண்டபின், மாதந்தோறும் ஊசி எதற்கு என்ற எண்ணமும் எழும். இவ்வாறு விடுபட்ட ஊசிகளே பத்தாண்டு கழித்து மூச்சிளைப்பாக வந்து நிற்கின்றன. அப்போது நோயாளி தொலைவிலுள்ள பெருமருத்துவமனையில் முறைக்குக் காத்திருத்தல் வேண்டும். வால்வு முற்றாகப் பழுதுற்றிருப்பின், செயற்கை வால்வும் பொறியும் நெடுஞ் சத்திரசிகிச்சையும் வேண்டப்படும். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலியத்தானும் அவர்தம் குழுவினரும் பல்லாண்டு உழைத்து, முன் மாதிரிகள் சில பழுதுபட்டபோதும் தளராது, குறைந்த விலையில் உருவாக்கிய வால்வு 1990 இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இப்பகுதி நாடுகளின் ஏழை நோயாளர்க்கு அது பெருந்துணை. ஆயினும் சிறந்த செயற்கை வால்வும், இயற்கை வால்வு கெடாதிருத்தலுக்கு ஈடாகாது.

பிறவிக் குறைபாட்டுக்கும் முதியோரின் நாடியடைப்புக்கும் பொறி என்றும் வேண்டப்படும். அவர்களுக்காக நுரையீரலைக் காக்கும் ஆராய்ச்சி தொடர்தல் வேண்டும். வாதக் காய்ச்சலால் வரும் நோயோ அத்தன்மைத்தன்று, அது தவிர்க்கக்கூடியது. புதிய தனிவீடுகள் கட்டப்பட்டு வருகின்றபோதும், மலையகத்தில் லயங்களில் வாழும் குடும்பங்கள் இன்றும் பல. அந்நெருக்கம் தீருமளவும், தொண்டைநோவையும் மூட்டு வீக்கத்தையும் இனங்காணும் கண்கள் தோட்டத்திலேயே இருத்தல் வேண்டும்.

இவ்விதழைப் படிக்கும் ஆசிரியரிற் பலர் தோட்டப் பாடசாலைகளிற் கற்பிப்போர். மாணவரிற் பலர் அத்தோட்டங்களிலிருந்து வருவோர். காய்ச்சலோடும் மூட்டு நோவோடும் வகுப்புக்கு வராத பிள்ளையை விசாரித்து வைத்தியரிடம் அனுப்புதலும், ஊசி நாளை நினைவூட்டுதலும், அதற்கென வகுப்பில் ஒரு குறிப்பேடு வைத்திருத்தலும் ஆசிரியரால் ஆகாதவை அல்ல. மருத்துவம் பயிலச் செல்லும் மாணவர், நாளை அத்தோட்டத்து மருந்தகத்தில் பணியாற்ற முன்வருதலும் அத்தகையதே. சத்திரசிகிச்சைக் கூடத்தில் பெரும்பொருட் செலவில் நுரையீரலைக் காக்க முயலும் அறிஞரின் பணியில், ஒரு பங்கை ஊவாவின் பள்ளியறைகளும் ஏற்றுக்கொள்ளலாம். பிள்ளையொருவனின் வால்வு பழுதுறாமற் காக்கப்படின், பொறியும் அதனால் வரும் நுரையீரல் அழற்சியும் அவனை அணுகா.